மாமி ஓட்டினார், நான் லைட் பார்த்தேன்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கார் ஓட்டலாம் என்று அரசாங்கம் தந்த அனுமதிப்பத்திரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். (கழுதைகளுக்குக்கூடத் தெரியும். கற்பிட்டி ரோட்டில் படுத்துக்கிடக்கும் கழுதைகள் மற்ற வாகனங்களுக்கு எழும்பி வழிவிடும். என் காரைக் கண்டால் மட்டும் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருக்கும். இவன் எப்படியும் நிற்பாட்டிவிடுவான் என்ற நம்பிக்கை.)

அப்படிப்பட்டவனுக்கு எப்படிக் கார் வந்தது என்று கேட்பீர்கள். கல்யாணம் பேசும்போது, மாப்பிள்ளைக்குத் தரும் கைக்கூலி ஒரு சதமும் வேண்டாம் என்று பெரிய மனிதன் போலச் சொல்லியிருந்தேன். (உம்மாவுக்கு அந்தக் கவலை இன்னும் ஆறவில்லை.) நிக்காஹ் முடிந்த அடுத்த வாரம் மாமா, அதாவது என் மனைவியின் வாப்பா, சாம்பல் நிறப் பழைய கார் ஒன்றை வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். பதிவும் என் பெயரில். நான் வாயைத் திறக்க முன், “இது கைக்கூலி இல்ல மருமகன், கார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் வழக்கப்படி நான் பெண் வீட்டிலேயே குடியிருந்தபடியால், காரும் அவர் வளவை விட்டு எங்கும் போகவில்லை.

மாமாவுக்குக் கருவாட்டு வியாபாரம். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறார். வியாபாரத்தில் ஊரையே விற்று வாங்கக் கூடியவர், ஆனால் வாகனம் ஓட்டத் தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். ஊர்ச் சலூனில் ஒருமுறை காதோரம் கீறுப்பட்டுவிட்டது. “இனி இஞ்ச மிதிக்க மாட்டன்” என்றார். அன்றிலிருந்து முடிவெட்டப் புத்தளத்துக்குத்தான் போகிறார்.

அந்தக் காரை உண்மையில் ஓட்டியவர் மாமி. மாமா கட்டாரில் இருந்த காலத்தில், உப்பளத்துக்குப் பின்னால் உள்ள வெட்டையில், தன் தம்பியின் வானில் பழகி, முதல் தடவையிலேயே லைசன் எடுத்தவர். நான் காரை வளவிலிருந்து வெளியில் எடுக்க முன் அவர் புத்தளம் போய்த் திரும்பி வந்துவிடுவார்.

புத்தளத்தில் மாமியின் ராத்தா, அதாவது அக்கா, இருந்தார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் போனவர். மகன் வேலைக்குப் போனால் பகல் முழுக்கத் தனிமை. மாமிக்கு முழங்கால் வருத்தம், பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது. கார் வருவதற்கு முன், கூடப் பிறந்த ராத்தாவைப் பெருநாளைக்குப் பெருநாள்தான் பார்த்தாராம். கார் வந்த பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் போய்க் குளிக்க வார்த்து, தலை சீவிவிட்டு, ஊர்க்கதை எல்லாம் கதைத்துவிட்டு வருவார்.

மாமா அதற்கு ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். புத்தளம் வரைக்கும் ஓட்டலாம். கொழும்புக்கு ஓட்டினால், தெரியவந்த அன்றைக்கே திறப்பை (சாவியைத்தான் சொல்கிறேன்) வாங்கி அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அதனால்தான் எல்லாருக்கும் பயம்.

மாமா மார்க்க வேலையாக ஜமாஅத்தில் அனுராதபுரப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்து, ராத்தாவுக்குக் கொழும்பில் கிளினிக் நாள் வந்தது. யார் ஓட்டுவது என்று மாமா ஃபோனில் கேட்டார். நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன் என்று வீராப்பாகச் சொன்னேன். சொன்னபடி ஓட்டவும் செய்தேன். சிலாபம் போனது, நீர்கொழும்பு போனது, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் என்னை ஏதேதோ சொல்லிவிட்டு முந்திப் போனார்கள். வத்தளை வந்தது. வலப்பக்கம் ஒரு கொள்கலன் லொறி, இடப்பக்கம் ஒரு பஸ், நடுவில் நான். எப்படியோ ஒரு பேக்கரி வாசலில் காரை ஒதுக்கினேன். அதற்குப் பிறகு என் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

மாமி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. சுற்றிவந்து என் பக்கக் கதவைத் திறந்து, “இறங்குங்க மகன், நேரமாகுது” என்றார். நான் இறங்கி மற்றப் பக்கம் ஏறினேன்.

மாமிக்கு ரோட்டுப் பயம் இல்லை. ஆனால் சிக்னல் லைட் பழக்கமில்லை. எங்கள் பக்கம் கழுதைதான் சிக்னல். ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். மாமி ரோட்டைப் பார்ப்பார், நான் லைட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பச்சை என்றால் “போங்க”, சிவப்பு என்றால் “நில்லுங்க”. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இதைவிட இலேசான வேலை கிடைக்காது. ஆறேழு சந்திகள் ஒழுங்காகத்தான் போயின. அடுத்த சந்தியில் ஒரு பஸ் எங்கள் மேலேயே வருவது போல் திரும்பியது. நான் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டேன். அதே நேரம் பார்த்து மாமி, “மகன், லைட்?” என்று கேட்டார். பொத்திய கையை எடுக்காமலே, “போங்க மாமி, போங்க” என்றேன்.

மாமி போய்விட்டார்.

பின்சீட்டில் ராத்தா விழுந்து விழுந்து சிரித்தது மட்டும் கேட்டது. கிளினிக் முடிந்து, திரும்பி வந்து, ராத்தாவை வீட்டில் விட்டு, நாங்களும் வந்து சேர்ந்தோம். ஜமாஅத் முடிந்து வந்த மாமா, பயணம் எப்படி என்று விசாரித்தார். சுகமான பயணம் என்றோம். அது முற்றிலும் பொய் என்று சொல்ல முடியாது.

பிறகு ஒரு நாள் காலை, நாங்கள் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பொலிஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். போய் அறிவித்தலை வாங்கியவர் மாமா. நின்றபடியே வாசித்தார். மாமி பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

என் பெயரில் உள்ள கார் கொழும்பில் சிவப்பு லைட்டைக் கடந்து போனது கெமராவில் பதிவாகியிருக்கிறது, உரிமையாளர் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, ஓட்டியவர் யார் என்று சொல்ல வேண்டும் என்பது விசயம். மாமா அறிவித்தலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நீங்கள்தானே ஓட்டினீர்கள் என்றார். ஓம் என்றேன். ஓட்டியதை ஒப்புக்கொள்ள என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. (என் மனைவிக்கு நடந்தது எல்லாம் தெரியும். சிரிப்பை அடக்க முடியாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.)

மாமா ஏசியிருந்தால் பிரச்சினை அத்தோடு முடிந்திருக்கும். அவர் ஏசவில்லை. கெமரா பிழை என்று முடிவு செய்துவிட்டார். என் மருமகன் காலியான ரோட்டிலேயே நிற்பாட்டி யோசித்துவிட்டுப் போகிறவர், அவர் சிவப்பில் போவதாவது, நானும் கூட வந்து அந்தப் படத்தைப் பார்க்கத்தான் போகிறேன் என்றார். படத்தை அவர் பார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

குசினிக்குள் போனேன். மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவி முடிந்த சிரட்டையைத்தான் மறுபடி மறுபடி துருவினார். நானே சொல்லிவிடுகிறேன் என்றார். வேண்டாம், நான்தான் ஓட்டினேன் என்று ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வருகிறேன், படத்தைக் கேட்க விடமாட்டேன் என்று சொன்னேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

“எனக்கு ஏச்சு வாங்கப் பயமில்ல மகன்,” என்றார். “வெள்ளிக்கிழமையில ராத்தா விடிஞ்சா ஜன்னலுக்குக் கிட்டத்தான் இருப்பா. கார்ச் சத்தம் கேக்குதா கேக்குதா எண்டு. அத நினைச்சாத்தான்.”

ரோட்டைப் பார்க்கும் தன் வேலையை மாமி ஒழுங்காகச் செய்திருந்தார். லைட்டைப் பார்க்கும் என் வேலையை நான் செய்யாததற்கு, ஒன்றும் அறியாத அந்த ராத்தா ஜன்னலடியில் காத்துக்கிடக்கப் போகிறார். தலையே போனாலும் படம் வெளியில் வரக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

காரில் போக மாமா சம்மதிக்கவில்லை. குற்றவாளியோடு சேர்த்துக் குற்றம் செய்த வாகனத்தையும் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டாம் என்றார். ஆட்டோவில் போனோம். வழி முழுக்க எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் தைரியம் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்தது.

பொலிஸ் நிலையத்தில் இருந்த சார்ஜன் சிலாபத்துக்காரர். சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் கதைப்பவர். மாமாவைக் கண்டதும் கதிரை போடச் சொன்னார். ஓட்டியது யார் என்று கேட்டார். கேள்வி முடிய முன், “நான்தான் சேர்” என்றேன். பிழையை உடனே ஒப்புக்கொள்கிற ஒருவனைக் கண்ட சந்தோசத்தில் அவர் பேனையை எடுத்தார். இன்னும் ஒரு நிமிசம் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

மாமா கையை நீட்டி மறித்தார். “கொஞ்சம் பொறுங்க மாத்தயா. எழுத முந்தி அந்தப் படத்தக் காட்டுங்க.”

இவர்தான் ஒப்புக்கொள்கிறாரே என்றார் சார்ஜன்.

“இவர் நல்ல மனுசன். எதையும் ஒப்புக்குவார்,” என்றார் மாமா. “ஆனா சிவப்புல போற அளவுக்கு இவருக்குத் துணிவில்ல.”

நான்தான், நான்தான் என்று இரண்டு தடவை சொன்னேன். பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன் என்று மாமா என் தோளைத் தட்டினார். சார்ஜன் பெருமூச்சு விட்டுக்கொண்டு கம்பியூட்டரைப் போட்டார். அது எழும்ப நேரமெடுத்தது. இந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகக் கூடாதா என்று மனதுக்குள் துஆ கேட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கரண்ட் போனது. காற்றாடி நின்றது, திரை கறுத்தது. அன்றைக்கு நான் அல்லாஹ்வைப் புகழ்ந்த மாதிரி வேறெந்த நாளும் புகழ்ந்ததில்லை. இன்னொரு நாள் வருவோமா மாமா என்று எழும்பினேன். அவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம். கரண்ட்டும் திரும்பி வந்தது. மற்ற நாட்களில் பொழுது சாயும் வரை வராத கரண்ட்.

முதல் படம் காரின் பின்பக்கம். நம்பர் தெளிவு, லைட் சிவப்பு. போதும் மாமா, கெமரா பிழையில்லை என்றேன். முன்பக்கம் இல்லையா என்று மாமா கேட்டார். இருக்கிறது என்று சார்ஜன் அடுத்ததைத் திறந்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

நிலத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நானும் தலையைத் தூக்கினேன். மாமி இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து, ரோட்டை நேராகப் பார்த்து, கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர் போல ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சீட்டில் ஒரு வாலிபன், இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, முழங்காலை நெஞ்சு வரை தூக்கிவைத்துக்கொண்டு இருந்தான். இரண்டு சீட்டுக்கும் நடுவால் ராத்தாவின் முகம் தெரிந்தது. கோணிப்போன வாயோடு, பல் எல்லாம் தெரிய, கண் மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சார்ஜன் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ஓட்டினது நீங்க?”

“ஓம் சேர்.”

“அப்ப இது யாரு, இந்தக் கண்ணப் பொத்தின ஆள்?”

அதற்குமேல் பொய் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. கையால் ஓட்டியது மாமி, கண்ணால் ஓட்டியது நான், லைட் பார்ப்பது என் பொறுப்பு, ஆகவே குற்றம் என்னுடையது, என் பெயரில் எழுதுங்கள் என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன்.

“கண்ணத்தானே தம்பி பொத்தி வெச்சிருக்கீங்க,” என்றார் சார்ஜன்.

மாமா தொப்பியைக் கழற்றினார். மடித்தார். மறுபடி விரித்துப் போட்டார். சலூன்காரனோடு பேச்சை முறித்த அன்றைக்கும் இப்படித்தான் தொப்பியை மடித்தாராம் என்று கேள்வி. அவர் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

“இது நம்மட ராத்தாவா?”

“ஓம் மாமா.”

“சிரிக்கிறாவா?”

“என்னப் பாத்துத்தான் மாமா.”

பெருநாளைக்குப் போகும்போதெல்லாம் மாமா அந்த வீட்டில் கண்டது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் ஒரு நோயாளியைத்தான். அவர் அந்தப் படத்தைப் பார்த்த நேரத்துக்குச் சார்ஜன் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டே திரும்பி வந்தார். பிறகு மாமா ஃபோனை எடுத்தார்.

“லைசன எடுத்துக்கிட்டு ஸ்டேசனுக்கு வாங்க,” என்றார் மாமியிடம். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. “எப்பிடியா? கார்லதான்.”

குரலில் கோபமும் இல்லை, கோபம் இல்லாமலும் இல்லை. நான் கதிரையின் விளிம்பில் இருந்தேன். நேரம் போகவே இல்லை.

கார் வந்தது. ஜீப்புக்கும், பிடித்து வைத்திருந்த மணல் லொறிக்கும் இடையில் ஒரு சிறிய இடம்தான் இருந்தது. மாமி ஒரே தரத்தில் ரிவர்ஸ் எடுத்து அதற்குள் விட்டார். வாசலில் நின்ற பொலிஸ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். மாமி உள்ளே வந்து லைசனை மேசையில் வைத்து, ஓட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன். சார்ஜன் எழுதினார், தண்டப்பணத்தைத் தபாற்கந்தோரில் கட்டச் சொன்னார்.

வெளியே வந்தோம். கார் அருகில் மாமி நின்றார். மாமா கேட்க முன்னமே திறப்பை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். “இந்தாங்க” என்றது மட்டும்தான். வெள்ளிக்கிழமை ஜன்னல் ஒன்று என் கண்முன் வந்துபோனது. அத்தனையும் என்னால் என்று நினைக்க வெட்கத்தைவிட வேதனைதான் கூடுதலாக இருந்தது.

மாமா திறப்பைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“இத ஏன் எனக்கிட்ட தாறீங்க?” என்றார் மாமியிடம். “எனக்கு ஓட்டத் தெரியுமா? மருமகனிட்ட குடுக்கவா?”

படியில் வந்து நின்ற சார்ஜன்தான், “ஐயோ வேணாம் ஹாஜியார்” என்றார்.

மாமா முன்கதவைத் திறந்து இடப்பக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மாமி இன்னும் திறப்பை நீட்டிய கையோடு நின்றார்.

“ஏறுங்க,” என்றார் மாமா. “புத்தளம் போய் ராத்தாவப் பாத்துட்டு வருவம்.”

நான் பின்சீட்டில் ஏறினேன். பாலாவி வரும் வரைக்கும் மாமி இடைக்கிடை சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சலூனுக்கு அவர் இன்னும் போகவில்லை. சொன்ன சொல்லை அவர் மாற்றியது அந்த ஒரு நாள்தான்.

படத்தை வெளியில் தர முடியாது என்று சார்ஜன் சொல்லியிருந்தார். ஆனால் மாமா அதைத் தன் ஃபோனில் பிடித்துவிட்டார் என்பது அன்று பின்னேரம்தான் தெரிந்தது. அதற்குள் அது எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவின் முகப்புப் படமாகியிருந்தது, இன்றைக்கும் அதுதான். கல்யாண வீட்டில் நான் நுழைந்தால், மனைவியின் சொந்தக்காரர்கள் சலாம் சொல்வதற்கு முன் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். இதற்குப் பிறகு பிறந்த என் மகள், வாப்பா எங்கே என்று கேட்டால் என்னைக் காட்டுவதில்லை, கண்ணைப் பொத்திக் காட்டுகிறாள்.

ராத்தாவின் கிளினிக்குக்கு இப்போதும் மாமிதான் ஓட்டுகிறார். மாமாவும் போகிறார், லைட் பார்க்கும் வேலை அவருக்கு. சந்தி கண்ணுக்குத் தெரிய முன்பே “சிவப்பு, சிவப்பு” என்று கத்தத் தொடங்கிவிடுவார், பக்கத்தில் போகிற பஸ்காரன்கூடப் பிரேக் அடிப்பான். போன தடவை வத்தளையில் அப்படி அவர் கத்தி ஓய்ந்த பிறகு, மாமி கண்ணாடியில் என்னைப் பார்த்து, “உங்கட மாமாவ விட நீங்க பரவாயில்ல மகன். நீங்க சத்தம் போடாமப் பயந்தீங்க” என்றார். பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த ராத்தா சிரித்த சிரிப்பில், அவர் தலையில் கிடந்த முக்காடு கழன்று என் மடியில் விழுந்தது.